சம்மதம் இருந்தால் போதுமா? சொத்துப் பத்திரம் எங்கே?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "1815 லண்டன்ல நடக்கிற காதல் நாவல் எழுதறேன். கதாநாயகியோட அப்பா ஜமைக்காவில கரும்புத் தோட்ட முதலாளி, வெள்ளைக்காரர். அம்மா அதே தோட்டத்துல அடிமையா இருக்கிற கறுப்பினப் பெண். இவளை ஒரு பிரபு கட்டிக்கச் சட்டம் விடுமா?"

விடும். இங்கிலாந்துல இனம் பார்த்துக் கல்யாணத்தைத் தடுக்கிற சட்டம் கிடையாது. அது அமெரிக்கக் காலனிகள் சமாச்சாரம். வர்ஜீனியாவில 1691லயே வந்துடுச்சு, 1967லதான் ஒழிஞ்சுது. நிறைய நாவல்கள்ல இந்த ரெண்டு நாட்டையும் குழப்பிடறாங்க. லண்டன் பாதிரியாரைச் சட்டம் பேசி மறுக்க வைக்காதீங்க. 1753 திருமணச் சட்டம் கேட்டது மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும் (அதாவது சர்ச்சுல கல்யாண அறிவிப்பு படிக்கணும்), இல்லேன்னா லைசென்ஸ் வாங்கணும். லைசென்ஸ்னா, 21 வயசு ஆகாதவங்களுக்குப் பெரியவங்க சம்மதமும் வேணும். அவ்வளவுதான்.

நான் எப்பவும் சொல்றதுதான், பணம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. டைடோ எலிசபெத் பெல்னு ஒருத்தங்க இருந்தாங்க; அப்பா வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி, அம்மா அடிமையா இருந்த கறுப்பினப் பெண். லண்டன்ல மான்ஸ்ஃபீல்ட் பிரபுவோட கென்வுட் மாளிகையில, உறவுக்காரப் பொண்ணு எலிசபெத் மர்ரேயோட ஒண்ணா வளர்ந்தவங்க, ஒரே ஓவியத்துல பக்கத்துல பக்கத்துல இருக்காங்க. ஆனா பிரபுவோட உயில்ல எலிசபெத்துக்கு 10,000 பவுண்டு, டைடோவுக்கு 500 பவுண்டும் வருஷத்துக்கு 100 பவுண்டும். இனமும் வர்க்கமும் அந்தக் கணக்குல தெரியுது.

உங்க கதாநாயகிக்கு இன்னொரு சிக்கல் இருக்கலாம். ஜமைக்காவில 1761ல ஒரு சட்டம் போட்டாங்க. வெள்ளைக்காரர் தனக்கு முறையா பிறக்காத கலப்பினப் பிள்ளைக்கு 2,000 பவுண்டுக்கு மேல எழுதி வைக்க முடியாது. வேணும்னா அந்தத் தீவுச் சட்டசபையில தனிச் சட்டம் போட்டு விலக்கு வாங்கணும். 1813லதான் இந்தத் தடையை நீக்கினாங்க. அதனால அப்பா அதுக்கு முன்னாடியே இறந்திருந்தா, "அப்பா தோட்டத்தையே அவளுக்கு எழுதி வச்சார்"னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க. இன்னொண்ணு, தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமைதான். அப்பா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கணும்.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற: அம்மா 1815ல எங்கே இருக்காங்க? 1807ல நின்னது அடிமை வியாபாரம் மட்டும்தான், அடிமைத்தனம் இல்லை; அதனால அம்மா இன்னும் அந்தத் தோட்டத்துலயே அடிமையா இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி வக்கீல் செட்டில்மென்ட், அதாவது கல்யாணச் சொத்துப் பத்திரம், எழுதுவார். அவளோட சொத்தை டிரஸ்டிகள் கையில வச்சு, அவளுக்கு வருஷாந்திரக் கைச்செலவு இவ்வளவு, விதவையானா இவ்வளவுன்னு வரும். அது இல்லேன்னா பணமும் அசையும் சொத்தும் புருஷன் கைக்குப் போயிடும். ஜமைக்காத் தோட்டம் அந்தச் செட்டில்மென்ட்ல இருந்தா, நிலம், ஆலை, மாடுகளோட அடிமை மக்களையும் சொத்தா எழுதியிருப்பாங்க. கடைசி அத்தியாயக் கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பத்திரத்தை அவ கையில கொடுங்க. அந்த அடிமைகள் பட்டியல்ல அவளோட சித்தி, மாமா பேர் இருக்கட்டும். அவ கையெழுத்துப் போடறாளா, பிரபு அப்போ என்ன சொல்றார், அதை எழுதுங்க.