சேஸ் பெண்டா, காற்றா? பட்டறைக்குப் போகும் முன் ஒரு நூல் கட்டிப் பாருங்கள்

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, என்னுடையது 150 சிசி பைக். சித்திரை மாதம் கோடை மழையில் சறுக்கி வலப்பக்கமாக விழுந்தேன். பெரிய அடி இல்லை. பிரேக் லீவர் வளைந்தது, இண்டிகேட்டர் உடைந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து நேராகப் போகும்போது ஹேண்டில் வலப்பக்கம் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. தினமும் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போகிறேன். இப்போது ஆடியில் இன்னும் மோசம். போகும்போது இழுப்பு அதிகம், திரும்பி வரும்போது அவ்வளவாக இல்லை. ஒரு மெக்கானிக் சேஸ் பெண்ட், இழுத்துச் சரி செய்ய 8000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் கோன் செட் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அவர்கள் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. யாராவது அளந்து பார்த்தார்களா என்று மட்டும்தான் கேட்கிறேன். சேஸ் என்பது வண்டியின் எலும்புக்கூடு மாதிரியான சட்டம், கோன் செட் என்பது ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கிற பேரிங். சேஸ் பெண்ட், அதாவது அந்தச் சட்டம் வளைந்திருப்பது, கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. போகும்போது அதிகம், வரும்போது குறைவு என்கிறீர்கள். சேஸ் வளைந்திருந்தால் அது பொள்ளாச்சிக்கு ஒரு மாதிரி, கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு மாதிரி வளையுமா? வளையாது. போகிற திசைக்கு ஏற்ப இழுப்பு மாறுகிறது என்றால், அதில் ஒரு பங்கு வண்டிக்கு வெளியே இருந்து வருகிறது.

நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாய். வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, நடுவில் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத திறந்த வாசல். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வருகிற காற்று முழுக்க இந்த வாசலில்தான் நுழைகிறது. கஞ்சிக்கோட்டில் சும்மாவா காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள்? நீங்கள் பொள்ளாச்சிக்குப் போவது ஏறக்குறைய தென்கிழக்கு. மேற்குக் காற்று உங்கள் வலது தோளுக்குப் பின்னாலிருந்து அடித்து வண்டியை இடப்பக்கம் தள்ளுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து வந்து வலப்பக்கம் தள்ளுகிறது.

இதோடு ரோட்டின் சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீர் வடிவதற்காக ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரமும் தாழ்த்திப் போடுவார்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம் இருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் சரிவு நமக்கு இடப்பக்கம்தான். போகும்போது சரிவும் காற்றும் கூட்டுச் சேர்ந்து இடப்பக்கம் தள்ளுகின்றன. வரும்போது ஒன்றை ஒன்று கழித்துவிடுகிறது. நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே வருகிறதா?

அதனால் முதல் வேலை, காற்று இல்லாத நேரம் பாருங்கள். ஆடியிலும் விடியற்காலையில் சில நாள் அடங்கி இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத சமமான ரோட்டில் 30, 40 வேகத்தில் போய், ஹேண்டிலை விடாமல், பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்கள். கையை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். அதே இடத்தில் திரும்பி எதிர்த் திசையிலும் ஒரு முறை. முடிந்தால் ரோட்டின் நடு முதுகு மேலேயே கொஞ்ச தூரம். அப்போதும் இடப்பக்கமே போகிறது என்றால் வண்டியைப் பார்ப்போம்.

ஒரு சின்னச் சங்கதி. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மலையாளத்தில் 'வண்டி வலிக்குன்னு' என்பார்கள். நான் தொழில் பழகிய புதிதில் வண்டிக்கு எங்கே வலி என்று எனக்குப் புரியாது. இழுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் 'வலிக்குன்னில்லா' என்றால் பிக்கப் இல்லை என்று அர்த்தம். இது தெரியாமல் பிக்கப் இல்லாத வண்டிக்கு வீல் கோட்டம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, ஹேண்டிலுக்கு வருவோம். வண்டி இழுப்பது வேறு, ஹேண்டில் கோணலாக நிற்பது வேறு. நீங்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறீர்கள். வலப்பக்கமாக விழுந்தீர்கள். வலது கைப்பிடி முனைதான் முதலில் தரையில் இடித்திருக்கும். அது ஹேண்டிலைப் பின்னால் தள்ளும், முன் சக்கரமோ தரையில் சிக்கி வர மறுக்கும். நடுவில் முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கிற இரண்டு ஃபோர்க் பைப்பும், அவற்றைப் பிடித்திருக்கிற மேல் டி, கீழ் டி என்ற இரண்டு பிடிகளுக்கும் நடுவே லேசாக முறுகிக்கொள்ளும். எதுவும் வளையவில்லை, பிடித்திருந்த இடத்தில் நகர்ந்திருக்கிறது. இப்போது சக்கரம் நேராக இருந்தால் ஹேண்டில் வலப்பக்கம் பார்க்கும். நம் கை சும்மா இருக்குமா? கண்ணுக்குக் கோணலாகத் தெரிகிறதே என்று ஹேண்டிலை நேராக்கும். ஹேண்டில் நேரானால் சக்கரம் இடப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் போகும். உடனே நாம் 'இழுக்கிறது' என்கிறோம். பல வண்டிகளில் இழுக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் இதே அறிகுறி பின் சக்கரத்திலிருந்தும் வரும். விழுந்த பிறகு செயின் டைட் வைத்தீர்களா, பஞ்சர் ஒட்டினீர்களா என்று யோசியுங்கள். பின் ஆக்ஸிலின், அதாவது பின் சக்கரத்தின் நடுவில் போகிற கம்பியின், வலது முனை இடது முனையை விடக் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் போய்விட்டால், பின் சக்கரம் வலப்பக்கம் பார்க்கும். நேராகப் போக முன் சக்கரமும் அதே பக்கம் பார்த்தாக வேண்டும். ஹேண்டில் வலப்பக்கம் திரும்பியே நிற்கும், வண்டி நண்டு மாதிரி உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு நேராகப் போகும். செயின் அட்ஜஸ்டரில் கோடு போட்டிருக்கிறதே, இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைத்தேன் என்பீர்கள். அந்தக் கோட்டை நான் நம்புவதில்லை. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கைதான் சுவிங் ஆர்ம்; அதைச் சேஸில் மாட்டியிருக்கிற போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்ஸிலின் நடு வரைக்கும் இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால்தான் எனக்குத் திருப்தி.

இந்த இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல ஒரு நூல் போதும். கொத்தனார் கட்டுகிற மட்ட நூல், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்புறத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுற்றுங்கள். இரண்டு நுனியையும் இரண்டு பக்கமாக முன்னால் கொண்டு வந்து, முன் சக்கரத்துக்கு ஓரடி முன்னால் இரண்டு செங்கல்லில் கட்டுங்கள். நூல் சைலன்ஸரிலோ ஸ்டாண்டிலோ முட்டக் கூடாது, முட்டினால் உயரத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். வண்டியை ஸ்டாண்டில் போடாமல் ஒரு ஆளை நேராக உட்கார்ந்து பிடிக்கச் சொல்லுங்கள்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். செங்கல்லை மெதுவாக உள்ளே நகர்த்துங்கள். நூல் பின் டயரின் பின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன் விளிம்பையும் தொட்டும் தொடாமலும் வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை அதிகமாக உள்ளே போனாலும் நூல் டயரில் மடங்கிக் கணக்கு கெட்டுவிடும். விரலால் நூலைச் சுண்டிப் பாருங்கள், முன் விளிம்பில் லேசாகத் தட்டி அதிர வேண்டும். அடுத்த பக்கமும் அப்படியே. இப்போது பின் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையை இரண்டு நூலும் உங்களுக்குக் காட்டுகிறது.

முன் டயர் பெரும்பாலும் பின் டயரை விட ஒல்லி. டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் முதல் எண் அகலம். பின்னால் 100, முன்னால் 80 என்றால் வித்தியாசம் 20 மில்லிமீட்டர், பக்கத்துக்கு 10. முன் டயரை நூலுக்கு இணையாகத் திருப்பி நிறுத்திவிட்டு, ஸ்கேலில் நான்கு இடம் அளந்து எழுதுங்கள்: இடப்பக்கம் டயரின் முன் விளிம்பு, பின் விளிம்பு, வலப்பக்கமும் அதே இரண்டு. நான்கும் ஏறக்குறைய 10 வந்து, ஹேண்டில் மட்டும் வலப்பக்கம் கோணலாக நின்றால் அந்த வண்டியில் சேஸ் வேலை எதுவும் இல்லை. அது ஃபோர்க் முறுக்கு. டேங்க்குக்கு நேராகச் சக்கரத்தை வைக்கும்போது இரண்டு நூலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் பின் சக்கரம் கோணல், அட்ஜஸ்டரில் சரி செய்யலாம். முன் சக்கரம் நூலுக்கு இணையாக இருக்கிறது, ஆனால் இடப்பக்கம் 4, வலப்பக்கம் 16 என்று வருகிறது என்றால், ஒரு சக்கரம் முழுசாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் முதலில் ஆக்ஸில் ஸ்பேசரை, அதாவது ஆக்ஸிலில் சக்கரத்தின் இரண்டு பக்கமும் போடுகிற குழாய்த் துண்டை, பாருங்கள். பஞ்சர் ஒட்டி மாட்டும்போது இடது ஸ்பேசரை வலத்தில் போட்டு அனுப்பிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்போக் வீல் என்றால் ரிம் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கலாம். அதெல்லாம் சரியாக இருந்தும் எண் மாறவில்லை என்றால்தான் சுவிங் ஆர்ம், சேஸ் என்று பேச வேண்டும்.

ஃபோர்க் முறுக்கு என்றால் நிவர்த்தி எளிது. முன் ஆக்ஸில் நட், மட்கார்டு போல்ட், மேல் டி, கீழ் டி போல்ட் எல்லாவற்றையும் லேசாகத் தளர்த்துங்கள். கழற்றக் கூடாது. சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை நேராகத் திருப்புங்கள். முன் பிரேக் பிடிக்காமல் நான்கைந்து முறை ஃபோர்க்கை அழுத்தி விடுங்கள், பைப் இரண்டும் தன் இடத்தில் உட்காரும். பிறகு கம்பெனி சொன்ன டைட்டில் முடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள், இது முன் சக்கரம். இதற்கு வராமல் ஹேண்டில் மறுபடி கோணினால் பைப் வளைந்திருக்கிறது. இரண்டு பைப்பின் முன்பக்கத்தையும் தொடும்படி ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தால் தெரியும். நான்கு மூலையும் ஒட்டி உட்கார வேண்டும். ஒரு மூலை கடகடவென்று ஆடினால் கோணல்.

கோன் செட் பற்றிச் சொன்னாரே, அதையும் சோதித்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரம் தரையை விட்டு எழும்பட்டும். ஹேண்டிலை நடுவிலிருந்து ஒரு விரலால் தட்டுங்கள். தானாக ஒரு பக்கமாகச் சரிந்து விழ வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி 'டொக்' என்று நின்றால் கோன் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்றால் லூஸ். கோன் கெட்டால் வண்டி தள்ளாடும், ஹேண்டில் நடுங்கும். ஆனால் அது ஒரே பக்கமாக இழுக்கிறது என்று நான் பார்த்ததில்லை. நானே ஒரு பால்காரர் வண்டிக்குக் கோன் செட் மாற்றி ஏமாந்தவன்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். வண்டி எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே போகிறது என்றார். கோன் செட் மாற்றினேன், புஷ் மாற்றினேன், அப்படியேதான். ஒரு நாள் அதிகாலையில் அவர் எதிரே வந்தபோதுதான் பார்த்தேன்: இடப்பக்கம் கொக்கியில் 40 லிட்டர் கேன் ஒன்று. பால் மட்டும் 41 கிலோ. அது நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால், 130 கிலோ வண்டியும் 70 கிலோ ஆளும் சேர்ந்தாலும் மொத்த எடையின் நடு ஏழு சென்டிமீட்டருக்குப் பக்கமாக இடப்பக்கம் நகர்ந்துவிடும். விழாமல் இருக்க வண்டி வலப்பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டியதில் இரண்டு டயரும் வலப்பக்கம் தேய்ந்து மழுங்கி, கேன் இல்லாதபோதும் அந்தப் பக்கமே ஓடின. டயரைத் தடவிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவரிடம் புஷ் காசைத் திருப்பிக் கொடுத்தேன். கோன் காசைக் கொடுக்கவில்லை, அது நிஜமாகவே தேய்ந்திருந்தது.

அதனால் நீங்களும் டயரைத் தடவிப் பாருங்கள், தம்பி. நடுவிலிருந்து இரண்டு ஓரமும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றி வரும். அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றைக் குளிர்ந்த டயரில் பாருங்கள். முன்னால் குறைந்திருந்தால் ஹேண்டில் கனமாகி எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுக்கிறது என்றால் அது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.

நூல் கட்டி, அந்த நான்கு எண்ணையும், சுவிங் ஆர்ம் அளவு இரண்டையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை 8000 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும். காற்று பலமாக அடிக்கிற நாளில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது மட்டும் கவனம். லாரி மறைக்கிற வரை காற்று இருக்காது, அதைத் தாண்டிய அந்த ஒரு நொடியில் மொத்தமாக வந்து அடிக்கும்.