கொட்டை உடைக்கும் சிம்பன்சிகளும் கிறிஸ்டோஃப் போஷும்

[காட்சி: அடர்ந்த மழைக்காடு. தூரத்தில் சத்தம்.]

டொக், டொக் என்று கேட்கிறதா? ஐவரி கோஸ்ட் நாட்டின் டாயி காட்டில் ஒரு சிம்பன்சி கொட்டை உடைக்கிறது.

1979இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் போஷ், மனைவி ஹெட்விகேயுடன் இங்கே ஆய்வைத் தொடங்கினார். மனிதரைக் கண்டாலே சிம்பன்சிகள் ஓடி மறைந்தன. வேறு சில ஆய்விடங்களில் வாழைப்பழமும் கரும்பும் வைத்துப் பழக்கினார்கள். போஷ் தீனி எதுவும் வைக்கவில்லை, பின்னாலேயே நடந்தார். அவரைக் கண்டு மிரளாமல் அவை தம் பாட்டில் இருக்க ஏறக்குறைய 5 வருடம் பிடித்தது. அந்தப் பொறுமை இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவுமே இல்லை.

[காட்சி: மர வேர்மேல் கொட்டை. ஓங்கி அடிக்கும் கை.]

மர வேர்மேல் வைத்துத்தான் அடிக்கின்றன. கூலா என்ற மரத்தின் கொட்டைக்கு மரக்கட்டையே போதும். பாண்டா என்ற மரத்தின் கொட்டை மகா கெட்டி, அதற்குக் கல் வேண்டும். அந்தக் காட்டிலோ கல் அரிது. எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று நினைவில் வைத்திருந்து தூக்கி வருகின்றன! குட்டிகள் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, தப்பும் தவறுமாக அடித்து, பல வருடம் கழித்தே தேறுகின்றன. சில தாய்கள் கொட்டையையும் கட்டையையும் குட்டிக்கென்று விட்டுவிட்டு நகர்வதையும் போஷ் பதிவு செய்தார்.

சசாண்ட்ரா ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனால் அதே கொட்டை இருக்கிறது, கட்டையும் இருக்கிறது. ஆனால் அங்குள்ள சிம்பன்சிகள் உடைப்பதில்லை. பார்த்துப் பழகி வரும் இந்த வழக்கத்தைப் பண்பாடு என்றே போஷ் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். டாயியில் தோண்டியெடுத்த சிம்பன்சிகளின் கற்கருவிகள் 4,300 ஆண்டுப் பழமையானவை என்று 2007இல் அவரும் இடம்பெற்ற ஆய்வுக் குழு அறிவித்தது.

[காட்சி: முகக்கவசம் அணிந்த ஆய்வாளர்கள்.]

1994இல் எபோலா என்னும் கொடிய வைரஸ் நோய் வந்து இக்கூட்டத்தில் பல சிம்பன்சிகளைக் கொன்றது. அதைவிட வேதனையான சேதி 2008இல் வெளியானது: மனிதருக்குச் சளி, இருமல் தரும் வைரஸ்களும் இவற்றைக் கொன்றிருந்தன. நேசித்துப் பின்தொடர்ந்தவர்களே நோயைக் கொண்டுபோயிருக்கலாம். ஆனாலும் ஆய்வாளர்கள் நடமாடும் பகுதியில் வேட்டைக்காரர்கள் குறைவு. விலகிப் போனாலும் ஆபத்துதான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் இயக்குநராக இருந்தபோதே, 2000இல் சிம்பன்சிகளைக் காக்க ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார் போஷ். 2024இல் மறைந்தார். டாயியில் ஆய்வு தொடர்கிறது. முகக்கவசம் போட்டு, சில மீட்டர் தள்ளி நின்றுதான் பார்க்க அனுமதி.