அரைப் பேரும் முழுப் பேரும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புக்குரியவர்களுக்கும், இந்தக் குளிரிலும் தூரத்துத் தோட்டங்களில் இருந்து பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்திருக்கும் என் உறவுகளுக்கும் வணக்கம்.

அன்றாடப் பேச்சில் இந்தச் சொல்லைச் சொல்லாதே, அந்தச் சொல்லைச் சொல் என்று திருத்திக்கொண்டே இருப்பது மனிதரை மதிக்க வைக்கிறதா, மனிதரின் வாயை அடைக்கிறதா? இதுதான் இன்றைய தலைப்பு. வாயை அடைக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். என் கண் முன்னால் அடைத்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் டவுனில் ஒரு செயலமர்வு நடந்தது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் பதினைந்து பேர் போனோம். என் அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயியும் வந்தார். 38 வருடம் கொழுந்து பறித்தவர் அவர். வளவாளராக வந்த தங்கச்சி நல்ல பிள்ளை, நல்ல மனதோடுதான் வந்திருந்தார். "உங்க பிரச்சினைய நீங்களே சொல்லுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார். அப்பாயி எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நாங்க லயத்து சனம் தாயி. கூலிக்கு மலைக்குப் போன ஆளுக" என்று தொடங்கினார். லயம் என்பது தோட்டத்தில் நாங்கள் இருக்கும் வரிசை வீடு. உடனே அந்தத் தங்கச்சி, "அம்மா, கூலின்னு சொல்லக் கூடாது. லயம்னும் சொல்லாதீங்க. பெருந்தோட்ட சமூகம்னு சொல்லுங்க, குடியிருப்புன்னு சொல்லுங்க" என்றார்.

அப்பாயி உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏன் அப்பாயி பேசல?" என்று. "நான் என்னத்தப் பேசுறது? எனக்கு எம்பேரே தப்பாச் சொல்ல வருதாம்" என்றார். அவர் சொல்லப் போனது தண்ணீரைப் பற்றி. மேட்டு லயத்துக் குழாய் உடைந்து நான்கு மாதமாகப் பெண்கள் பீலிக்கரையில் இருந்து குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். செயலமர்வு முடிந்து வந்த அறிக்கையை நான் வாங்கிப் படித்தேன். பெருந்தோட்ட சமூகம் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. தண்ணீர் இல்லை.

நடுவர் ஐயா, இதில் அந்தத் தங்கச்சி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தின் மேல்தான் கோபம்.

கூலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதில் என்ன அசிங்கம் இருக்கிறது? "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்." 619ஆவது குறள். உடம்பை வருத்தி உழைத்ததற்குக் கிடைப்பது கூலி. வள்ளுவருக்குக் கூசாத சொல் நமக்கு ஏன் கூச வேண்டும்? நம் மொழியில் அது உழைப்பின் பலன். வெள்ளைக்காரத் துரைமார்தான் ஆளையே கூலி என்று கூப்பிட்டார்கள், ஏசினார்கள். ஏசியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அவர்கள் அழுக்காக்கிய சொல்லைக் கழுவித் திரும்ப எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டு, எங்கள் அப்பாயி வாயில் இருந்து அதைப் பிடுங்குகிறோம். கூலி கூட்டிக் கேட்டு எத்தனை போராட்டம் நடந்திருக்கிறது! 2021இல் நாளுக்கு ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்று அரசாங்க வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை வருடம் ரோட்டில் உட்கார்ந்தோம்! அங்கே உட்கார்ந்த பெண்களுக்கு அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று நன்றாகவே தெரியும்.

நல்ல சொல், பக்குவமான சொல் என்று எதிரணி நண்பர் அரைமணி நேரம் பேசினார். பக்குவமான சொல் எங்களுக்கு என்ன செய்தது என்று எங்கள் குடும்பத்தில் இருந்தே சொல்கிறேன்.

எங்கள் முன்னோர் தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து வந்தவர்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனோம். அப்புறம் 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசுகள் பங்கு பிரித்தன. போனவர்களில் எங்கள் அப்பாயியின் அக்காவும் ஒருவர். பிறந்தது மஸ்கெலியாவில். கடலை அதுவரை பார்த்தது கிடையாது. அவரை அனுப்பியதற்கு அரசாங்கக் கடதாசியில் எழுதியிருந்த சொல் எது தெரியுமா? "தாயகம் திரும்புதல்." எவ்வளவு அழகான சொல்! தாய் இருக்கிறாள் அதில், வீடு இருக்கிறது, திரும்பிப் போகும் சந்தோஷம் இருக்கிறது. ஒருநாளும் பார்க்காத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? எங்கள் சனம் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு வேறு பெயர் வைத்தது. ஒப்பாரிக் கோச்சி. ஹட்டன் ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவும் தங்கையும் கதறியதை அப்பாயி இன்றைக்கும் சொல்வார். அக்கா கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து அங்கேயே இறந்துபோனார். தங்கை போய்ப் பார்க்கவில்லை.

தாயகம் திரும்புதல், ஒப்பாரிக் கோச்சி. இந்த இரண்டில் எது நாகரிகமான சொல் என்று கேட்டால் எதிரணி முதலாவதைக் காட்டும். எது உண்மை என்று நான் கேட்கிறேன். ஒப்பாரி என்ற சொல் அபசகுனம், பேசக் கூடாது என்று அன்றைக்கு யாராவது திருத்தியிருந்தால் அந்த அழுகை நம் நினைவில்கூட மிஞ்சியிருக்காது.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2023இல் 'அஸ்வெசும' என்ற அரசாங்க உதவிக் கொடுப்பனவு வந்தது. குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஏழை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம் என்றோ என்னவோ, ஒரு வகைக்கு நிலைமாறும் குடும்பம் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். அந்த மென்மையான சொல்லுக்கு மாதம் 2,500 ரூபாய். மிகவும் வறியவர் என்ற கடினமான சொல்லுக்கு 15,000 ரூபாய். எங்கள் லயத்தில் கூரைத் தகரம் ஓட்டையாகி, படங்கு விரித்து மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த மென்மையான சொல்தான் கிடைத்தது. "எதுக்கு நெல மாறிக்கிட்டு இருக்கேன் புள்ள?" என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சரி, எதிரணித் தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன். "தோட்டக்காட்டான் என்று சொல்வதை அனுமதிக்கலாமா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கும் உடைந்தது. அந்தச் சொல்லை நானும் வாங்கியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில், டவுன் பள்ளிக்கூடத்து வாசலில். கள்ளத்தோணி என்பதையும் எங்கள் அப்பா தலைமுறை வாங்கியிருக்கிறது. அவை ஏச்சு. ஏச்சை ஏச்சு என்று சொல்லி எதிர்க்க வேண்டும், அதில் என் அணியில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஏசுகிறவனைத் திருத்துவதும், தன் வாழ்க்கையைத் தன் சொல்லில் சொல்கிறவளைத் திருத்துவதும் ஒன்றா தங்கை? இன்று நடப்பது இரண்டாவது. ஏசுகிறவன் சீக்கிரம் படித்துக்கொள்கிறான். படிக்காத கிழவிதான் மாட்டிக்கொள்கிறாள்.

அவன் எப்படிப் படித்துக்கொள்கிறான் என்பதற்கும் ஓர் அனுபவம். வேலைக்காகக் கொழும்பில் அறை தேடினேன். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசியில் "எந்த ஊர்?" என்றார் வீட்டுக்காரர். ஹட்டன் என்றேன். "ஓ, பெருந்தோட்டப் பிரதேசத்தைச் சேர்ந்தவரா? யோசித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார். அவர் தப்பான சொல் ஒன்றுகூடப் பேசவில்லை. எதிரணி அவருக்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டும். கதவு மூடிய சத்தம் மட்டும் எனக்குப் பத்தாம் வகுப்பில் கேட்ட அதே சத்தம்.

இன்னொன்று. மலையகத் தமிழர் என்ற பெயரை நாமே போராடி வாங்கவில்லையா, அதுவும் சொல் மாற்றம்தானே என்றார்கள். ஆமாம், சொல் மாற்றம்தான், அதைப் பெருமையோடு சொல்வேன். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் எங்களுக்கு 'இந்தியத் தமிழர்' என்று தனிக் கட்டம் போட்டார்கள். எங்களைக் கேட்டுப் போடவில்லை. மலையகத் தமிழர் என்பது ஆசிரியர்களும், எழுதியவர்களும், தொழிற்சங்கத்தாரும், லயத்து இளைஞர்களும் பேசிப் பேசி உள்ளே இருந்து வளர்த்த பெயர். 2023இல் எங்கள் முன்னோர் இங்கே வந்த 200 வருட நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஆனாலும் பாருங்கள், எங்கள் வீட்டிலேயே மூன்று பெயர் இருக்கிறது. அப்பாயி "நாம இந்தியாக்காரவுக" என்பார். அப்பா இந்திய வம்சாவளி என்பார். நான் மலையகத் தமிழர் என்பேன். ஒரே அடுப்பில் சமைத்த சோற்றைத்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறோம். அப்பாயியைத் துரோகி என்று யாராவது முகநூலில் எழுதினால் நான் அப்பாயி பக்கம்தான் நிற்பேன்.

பெயர் எப்போது தானாக மாறும் என்பதையும் எங்கள் தோட்டத்திலேயே பார்த்தேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டினார்கள். கொஞ்ச காலம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற ஒரு பிள்ளை வந்து, தரையில் விரிப்பு வந்து, குழந்தைகள் பாட்டுப் பாடத் தொடங்கியதும் தாய்மார் வாயில் "சென்டர்" என்ற சொல் வந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை.

இப்போது எனக்குப் பயமாக இருப்பது வேறொரு சொல் மாற்றம். வெளியக உற்பத்தி முறை என்று சொல்லித் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, இனி நீங்கள் தொழிலாளி இல்லை, பங்காளி என்கிறார்கள். தொழிலாளியைவிடப் பங்காளி மரியாதையாகத்தான் கேட்கிறது. ஊழியர் சேமலாப நிதி யாருக்கு? ஊழியருக்கு. சேவைக்காலப் பணம் யாருக்கு? சேவை செய்தவருக்கு. பங்காளிக்கு யார் கட்டுவது? நிலத்தின் உறுதி அவர் கையில் இல்லை, கொழுந்தின் விலையை அவர் தீர்மானிப்பதில்லை. உயர்ந்த சொல்லைக் கொடுத்துவிட்டு ஓய்வு பெறும்போது கையில் வர வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டால் அந்த உயர்வு யாருக்கு வேண்டும்? தொழிலாளி என்று சொல்லாதே என்று எங்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மாற வேண்டிய எழுத்து உண்டு, நடுவர் ஐயா. சட்டத்தில் இருக்கும் எழுத்து. கிராமங்களுக்குச் செய்வதைப் போலத் தோட்டங்களுக்குச் செய்வதற்கு 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. நாங்கள் ஓட்டுப் போட்ட சபை எங்கள் ரோட்டைப் போட முடியாது! 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்காக உழைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். இன்னும் எத்தனையோ லயங்களில் வீட்டுக்கு முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வருகிறது, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு பிள்ளையின் கைக்கு வருகிறது. லயத்தைக் குடியிருப்பு என்று சொல்லச் சொல்கிறவர்கள் அந்தக் கதவில் முதலில் ஓர் இலக்கம் எழுதட்டும்.

எங்கள் பக்கத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் உண்டு. கேட்ட கிலோவுக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். பனிமூட்டத்தில், அட்டைக் கடியில், கூடை நிறையாமல் போன நாட்களில் அப்பாயிக்கு அரைப் பேர் போட்டிருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை எழுதும்போது தலைகுனிந்து நின்றிருக்கிறார். அந்தச் செயலமர்வில் அவர் உட்கார்ந்தபோதும் அதே குனிவைத்தான் பார்த்தேன். 38 வருட உழைப்பை அவர் தன் வாயால் சொன்னார். அதற்கும் அரைப் பேர் போட்டுவிட்டோம்.

எனக்கு இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று நேரக்காப்பாளர் காட்டுகிறார். அப்பாயி இந்த மண்டபத்தில் இருக்கிறார். நான்காவது வரிசையில், பச்சைச் சால்வை. குழாயை இன்னும் திருத்தவில்லை. நடுவர் ஐயா, உங்கள் அனுமதியோடு என் மூன்று நிமிடத்தை அவருக்குக் கொடுக்கிறேன். தம்பி, அந்த மைக்கை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். எந்தச் சொல்லில் பேசினாலும் பேசட்டும்.