செப்பலினா, ஃப்ளாய்டா?

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்தால் பட்டிமன்றம் மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டு அணிக்கும் நானே பேச வேண்டும், நடுவரும் நானே. அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பில் இருப்பவை இரண்டும் பிரிட்டனின் ராக் இசைக்குழுக்கள். குழு என்று கேட்டால் எனக்கு லெட் செப்பலின். ஆல்பம் என்று கேட்டால் பிங்க் ஃப்ளாய்ட். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறான் என்று நினைக்காதீர்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

1973 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 1ஆம் தேதி அமெரிக்காவில் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வெளியானது. அதே மாதம் 28ஆம் தேதி செப்பலினின் 'ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி' வந்தது. இரண்டும் லண்டனில் உருவான குழுக்கள். இரண்டு உறைகளையும் வடிவமைத்தது ஹிப்னோசிஸ் என்ற ஒரே நிறுவனம். ஒன்றில் கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகம், அதிலிருந்து பிரிந்து வரும் நிறங்கள். மற்றதில் வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வே பாறைகள் மேல் ஏறும் குழந்தைகள். இரண்டின் முன்னட்டையிலும் குழுவின் பெயர் அச்சிடப்படவில்லை. அந்தத் தைரியம் அப்போது இருவருக்கும் இருந்தது.

போட்டியில் யார் ஜெயித்தார்கள்? அந்த ஆண்டுக் கணக்குப்படி செப்பலின். பிரிட்டன், அமெரிக்கா இரண்டு பட்டியல்களிலும் முதலிடம். ஃப்ளாய்ட் பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றது. அமெரிக்காவில் முதலிடம் ஒரே ஒரு வாரம்தான். ஆனால் அந்த இசைத்தட்டு பில்போர்ட் என்ற அமெரிக்கப் பட்டியலின் முதல் 200 இடங்களை விட்டுப் போக மறுத்தது. 1973 முதல் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள்!

இப்போது இரண்டையும் கேட்டுப் பாருங்கள். 'ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி' விதவிதமான பாட்டுகள் சேர்ந்த தட்டு. ஜமைக்காவின் ரெகே இசை வாடையில் ஒன்று, ஃபங்க் இசையைக் கிண்டல் செய்து ஒன்று, 'நோ குவார்ட்டர்' என்று ஏழு நிமிடத்துக்குக் குளிர வைக்கும் ஒன்று. எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு வேடிக்கை. 'ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி' என்றே ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட்டு, அதை இந்தத் தட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆல்பத்தில் அது வந்தது. தட்டுக்கு ஒரு குறையும் ஏற்படவில்லை.

'டார்க் சைட்' தட்டில் அப்படி ஒன்றை உருவிப் பாருங்கள், பார்க்கலாம். இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது. பாட்டு பாட்டுக்குள் கரைகிறது. பதிவு முடிவதற்கு ஒரு வருடம் முன்பே, 1972 பிப்ரவரியில், லண்டன் ரெயின்போ அரங்கில் இதை முழுத் தொகுப்பாகவே வாசித்துவிட்டார்கள். வரிகள் அத்தனையும் ராஜர் வாட்டர்ஸ் எழுதியவை: காலம், பணம், சாவு, புத்தி பேதலித்தல். குழுவில் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் கட்டடக்கலை மாணவர்களாக இருந்தவர்கள். தட்டைக் கேட்கும்போது அது தெரிகிறது என்பது என் கட்சி.

'மணி' பாட்டின் தொடக்கத்தில் சில்லறை விழும் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் வரும். காந்த நாடாவைத் துண்டு துண்டாக அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாக ஓட விட்டார்கள். அந்தச் சுற்று தாளக் கணக்கில் ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு தாளம் கேட்டுப் பழகிய நமக்கு ஏழு புதிதில்லை. ராக் ரசிகனுக்கு அது கால் இடறும் கணக்கு. கிடார் தனி வாசிப்பு வந்ததும் தாளம் நாலுக்கு மாறிவிடும். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தோள் தானாக ஆடும்.

அப்புறம் தட்டில் அங்கங்கே கேட்கும் அந்தப் பேச்சுக் குரல்கள். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டுடியோவில் இருந்தவர்களிடம் கொடுத்துப் பதிலைப் பதிவு செய்தார். பதிவு நடந்த அபி ரோடு ஸ்டுடியோவுக்கு வந்திருந்த பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். தட்டில் அவர் இல்லை. வாசல் காவலாளி ஜெரி ஓ'டிரிஸ்கால் இருக்கிறார். நிலாவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, முழுக்கவே இருட்டுதான் என்று கடைசியில் அவர் சொல்வது வருகிறது. உலகப் புகழ் பெற்ற பாடகரை விட்டுவிட்டு வாசலில் இருந்தவரை வைத்துக்கொண்டார்களே, அதற்கே ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் வார்த்தையே இல்லாமல் கதறும் பெண் குரல் கிளேர் டோரியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடினார். கூலி 30 பவுண்டு. அந்தப் பாட்டின் ஆக்கத்தில் அவர் பெயரும் சேர 2004இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது.

சரி, செப்பலினுக்கு வருவோம்.

1971இல் வந்த பெயரில்லாத நான்காவது ஆல்பத்தின் பெரும்பகுதியை ஹாம்ப்ஷரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவு செய்தார்கள். ஒரு காலத்தில் அது ஏழைகளை வைத்து வேலை வாங்கிய விடுதி. மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் ஜான் பான்ஹமின் டிரம்ஸைப் போட்டு, இரண்டு மைக்கை மேலே படிக்கட்டிலிருந்து தொங்க விட்டார் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக்கே கிடையாது. 'வென் தி லெவி பிரேக்ஸ்' தொடக்கத்தில் கேட்பது ஓர் ஆள் அடிப்பதும் ஒரு வீடு அதிர்வதும். பிற்காலத்தில் ஹிப் ஹாப்காரர்கள் அந்த அடியை வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுகளுக்குப் போட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டின் மூலம் அவர்களுடையது இல்லை. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு அது. இங்கே மின்னியின் பெயரைப் போட்டார்கள். எல்லா இடத்திலும் அப்படிப் போடவில்லை. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்து, அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. கறுப்பினக் கலைஞர்களிடம் எடுத்துக்கொண்டு பெயர் போடாமல் விட்டது என் பார்வையில் தப்புதான். ரசிகன் என்பதற்காக அதை மூடி மறைக்க மாட்டேன்.

1975இல் இன்னொரு ஜோடி: செப்பலினின் 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி', ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்'. முதலாவதில்தான் 'காஷ்மீர்' இருக்கிறது. பாட்டு பிறந்தது தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலையில். காஷ்மீருக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. (செப்பலினின் கிடார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து உள்ளூர்க் கலைஞர்களோடு இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தது தனிக்கதை. அவை 2015இல்தான் முறையாக வெளியாயின.) 'காஷ்மீர்' பாட்டில் கிடார் மூன்று மூன்றாக ஏறுகிறது, டிரம்ஸ் நாலு நாலாக நடக்கிறது. பன்னிரண்டில் இரண்டும் சந்திக்கும். அந்தச் சந்திப்புக்காகத்தான் காது காத்திருக்கிறது. பான்ஹம் ஒரு சங்கதிகூடக் கூட்டாமல் நடந்துகொண்டே இருக்கிறார். அந்த அடக்கத்தை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

இந்த இரண்டு ஆல்பங்களிலும் இருமல் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? செப்பலினின் 'இன் மை டைம் ஆஃப் டையிங்' பதினோரு நிமிடம் ஓடி முடியும்போது யாரோ இருமுகிறார். பிளாண்ட் அந்த இருமலையே பாட்டாக்கிவிடுகிறார். பிறகு அறைக்குள் பேச்சுச் சத்தம். எதையும் வெட்டவில்லை. ஃப்ளாய்டின் தலைப்புப் பாட்டில் கிடார் கலைஞர் டேவிட் கில்மோர் இருமுகிறார். அது பழைய வானொலியில் வருவது போலச் செய்த முன்னிசை ஓடும்போது கேட்கிறது. அங்கே இருமல்கூட அமைப்பின் பகுதியாகிவிட்டது.

இரு தரப்பையும் சேர்க்கும் ஒரு மனிதரும் உண்டு, பாடகர் ராய் ஹார்ப்பர். செப்பலின் தங்கள் மூன்றாவது ஆல்பத்தில் அவருக்கு வணக்கம் சொல்லி ஒரு பாட்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஃப்ளாய்டின் 'ஹேவ் எ சிகார்' பாட்டைப் பாடியதே அவர்தான்.

1975 ஜூன் 5 அன்று, 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' வேலை நடந்துகொண்டிருந்தபோது, மொட்டைத் தலையும் மழித்த புருவமுமாக ஒரு பருத்த மனிதர் ஸ்டுடியோவுக்குள் வந்தார். முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர் சிட் பாரெட். குழுவின் முதல் தலைவர், 1968இல் மனநிலை சரியில்லாமல் விலகியவர். அந்தப் பாட்டே அவரைப் பற்றியதுதான். பாரெட் போன பிறகும் ஃப்ளாய்ட் நடந்தது. 1985இல் வாட்டர்ஸ் விலகிய பிறகும் கில்மோர் நடத்தினார். 1987இல் வந்த ஆல்பம் என் காதுக்குச் சுமார்தான், ஆனாலும் அது ஃப்ளாய்ட் ஆல்பம் என்று சந்தேகமில்லாமல் தெரிகிறது.

செப்பலினில் 1980 செப்டம்பர் 25 அன்று பான்ஹம் இறந்தார். டிசம்பரில் குழுவைக் கலைப்பதாக அறிவித்துவிட்டார்கள். கூட்டம், காசு, பெயர் எல்லாம் இருந்தும் வேறு டிரம்மரைத் தேடவில்லை. 2007இல் லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஓர் இரவு முழுக் கச்சேரி வாசித்தார்கள். அன்று டிரம்ஸில் அவருடைய மகன் ஜேசன். செப்பலினில் ஒரு பாட்டை எடுத்துவிடலாம், ஓர் ஆளை எடுக்க முடியாது. ஃப்ளாய்டில் அது தலைகீழ். நான் தீர்ப்பைப் பிரித்துச் சொன்னது இதனால்தான்.

இப்போது தட்டுகளைப் போடப் போகிறோம். முதலில் 'லெவி', ஏழு நிமிடம்தான். ஒலியைக் கொஞ்சம் கூட்டியே வைக்கச் சொல்லியிருக்கிறேன், காது கூசினால் பின்வரிசைக்குப் போய்விடுங்கள். அடுத்து 'டார்க் சைட்', முழுசாக, 43 நிமிடம். நடுவில் தட்டைத் திருப்பும்போது பேசிக்கொள்ளலாம். டீ அதற்கப்புறம்தான்.