நாற்பதிலிருந்து ஒன்று வரை: பழைய வரிசை நிகழ்ச்சிகளை மீண்டும் கேட்க

நேயர்களுக்கு வணக்கம்.

வாரத்தின் புகழ்பெற்ற நாற்பது பாட்டுகளை வரிசைப்படுத்தி ஒலிபரப்பிய பழைய டாப் 40 வானொலி நிகழ்ச்சி பதிவான கேசட் ஒன்று கையில் கிடைத்தால், பலரும் முதலில் செய்வது அதிலுள்ள பாட்டுகளை மட்டும் தனியே வெட்டி எடுப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும், இதைவிடத் தெளிவாகவே கிடைக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வேறெங்கும் கிடைக்காது. போன வாரம் இருபத்தெட்டாம் இடம், இந்த வாரம் பத்தொன்பது என்று சொல்லும் குரல், நிலையத்தின் பெயரைப் பாடும் ஜிங்கிள், அன்றைய வானிலை, ஏதோ ஒரு கடையின் விளம்பரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வெட்டி எறிந்தால் போனது போனதுதான்.

இந்த வகை நிகழ்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1935 ஏப்ரலில் தொடங்கிய 'யுவர் ஹிட் பரேட்' இசைத்தட்டுகளைப் போடவில்லை. அந்த வாரம் புகழ்பெற்ற பாட்டுகளை நிகழ்ச்சியின் பாடகர்களே நேரடியாகப் பாடினார்கள். 1948இல் ரேடியோ லக்சம்பர்க் தொடங்கிய டாப் 20, இசைத்தட்டு விற்பனையைக் கணக்கில் எடுக்கவில்லை. அச்சிட்ட இசைக்குறிப்புத் தாள்கள் எவ்வளவு விற்றன என்பதைப் பார்த்தது. 1952 டிசம்பரில் அமீன் சயானி ரேடியோ சிலோனில் தொடங்கிய பினாக்கா கீத்மாலாவில், ஆரம்பத்தில் பாட்டுகளுக்குத் தர வரிசையே கிடையாது. ஆகவே 'முதலிடம்' என்ற சொல்லைக் கேட்டதும், எந்தக் கணக்கில் முதலிடம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிபிசியின் 'பிக் ஆஃப் த பாப்ஸ்' 1960களில் பல இசைப் பத்திரிகைகளின் பட்டியல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தது. அப்படிக் கணக்கிட்டால் இரண்டு பாட்டுகள் ஒரே இடத்தில் வந்து நிற்பது சகஜம். பழைய பதிவில் 'இணையாக ஐந்தாம் இடம்' என்று கேட்டால் அறிவிப்பாளர் தவறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இன்று அதிகம் தேடிக் கேட்கப்படுபவற்றில் ஒன்று 'அமெரிக்கன் டாப் 40'. 1970 ஜூலை 4 வார இறுதியில், ஏழே நிலையங்களில் அது தொடங்கியது. கேசி கேசம் அறிவிப்பாளர். 1988 ஆகஸ்ட் வரை அவர் குரல்தான். பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் முதல் நாற்பது இடங்களைப் பின்னிருந்து முன்னாக, நாற்பதாம் இடம் தொடங்கி ஒலிபரப்பினார்கள். முதலில் மூன்று மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 180 நிமிடத்தை நாற்பதால் வகுத்தால் ஒரு பாட்டுக்கு நாலரை நிமிடம். அதற்குள்ளேயே பேச்சு, விளம்பரம், நிலையத்தின் செய்தி எல்லாம் அடங்க வேண்டும். 1970களில் பாட்டுகள் நீளமாகிக்கொண்டே வந்தன, இடம் போதவில்லை. 1978 அக்டோபரில் நிகழ்ச்சி நான்கு மணி நேரமானது. அதற்கு முந்தைய பதிவுகளில் ஒரு பாட்டு நடுவே குறைந்தோ, முடிவதற்கு முன் மங்கியோ போனால், நாடாவில் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் தயாரிப்பாளர்களே குறைத்த இடம் அது.

நிலையங்களுக்கு நிகழ்ச்சி இசைத்தட்டாகவே அஞ்சலில் போனது. தட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மூன்று தட்டு, நான்கு மணி நேரத்துக்கு நான்கு. கூடவே ஒரு தாள்: எந்தச் சொல்லில் பகுதி முடிகிறது, எத்தனை நிமிடம், எங்கே உள்ளூர் விளம்பரம் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பு. இதனால் இன்று இரண்டு வகைப் பதிவுகள் புழங்குகின்றன. தட்டிலிருந்து எடுத்தது ஒன்று. ஒலி சுத்தமாக இருக்கும், உள்ளூர் விளம்பர இடங்கள் வெறுமையாக இருக்கும். மற்றது யாரோ வீட்டில் ரேடியோவிலிருந்து பதிவு செய்தது. இதற்கு ஏர்செக் என்று பெயர். இரைச்சல் இருக்கும், ஆனால் அந்த ஊரின் அந்த ஞாயிற்றுக்கிழமையே அதற்குள் இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் ஏர்செக்கைக் காப்பாற்றுங்கள் என்பேன். தட்டுக்குப் பல பிரதிகள் இருந்தன. ஏர்செக்குக்கு அந்த ஒரு நாடா மட்டுமே. 'ஸ்கோப்டு' என்று குறித்த பதிவு கிடைத்தால், அதில் பாட்டுகளை நீக்கி அறிவிப்பாளர் குரலை மட்டும் வைத்திருப்பார்கள். முழு நிகழ்ச்சி வேண்டுமானால் 'அன்ஸ்கோப்டு' என்று தேடுங்கள்.

தேதி எழுதாத நாடாவை இனம் காண ஒரு வழி உண்டு. முதலிடத்தைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். ஒரே பாட்டு பல வாரம் முதலிடத்தில் இருந்திருக்கலாம். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையே உள்ள மூன்று பாட்டுகளின் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் புதிதாக நுழைந்த பாட்டு அவற்றில் ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. பில்போர்டு பழைய பட்டியல்களில் அந்த மூன்றும் அதே இடங்களில் சேர்ந்திருக்கும் வாரம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான். லேபிளில் எழுதிய தேதியை மட்டும் நம்பினால் ஒரு வாரம் தவறலாம். முதல் நிகழ்ச்சியையே பாருங்கள்: ஒலிபரப்பானது ஜூலை 4 வார இறுதியில், பட்டியலின் தேதியோ ஜூலை 11. முன்னும் பின்னும் ஒரு வாரம் பார்த்துவிடுங்கள்.

இனி நாடாவுக்கு வருவோம். கேசட்டை இயந்திரத்தில் போடுவதற்கு முன்பே, மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறிப்போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. நாடாவைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை ஒருமுறை முழுக்க முன்னோட்டி, திரும்பப் பின்னோட்டினால் சுற்றுகளின் இறுக்கம் சமமாகும். ஆனால் சி-120, அதாவது இரு பக்கமும் சேர்ந்து 120 நிமிடம் ஓடும் கேசட்டில் இதைச் செய்யாதீர்கள். சி-60 நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90 சுமார் 12, சி-120 வெறும் 9. வேகமாக ஓட்டினால் அது நீளும், இல்லையேல் உருளையில் சிக்கும். ஒலி அடிக்கடி மங்கித் தெளிந்தால், ஹெட்டுக்கு நேர் எதிரே உள்ள சிறு பஞ்சுத் திண்டு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுவது சகஜம். திருகு போட்ட வேறொரு கேசட்டிலிருந்து திண்டை அதன் தகட்டோடு எடுத்து மாற்றலாம்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு, அதாவது அசிமத். பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட்டும் உங்கள் ஹெட்டும் நாடாவைச் சற்று வேறு கோணத்தில் தொட்டால், உயர் ஒலிகள் முதலில் மறையும். அறிவிப்பாளர் சொல்லும் 'ஸ', 'ஷ' ஒலிகளைக் கவனியுங்கள். ஒலியை மோனோவாக மாற்றி, ஹெட்டின் பக்கத்தில் உள்ள திருகை எட்டில் ஒரு சுற்று அளவுக்கு மெல்லத் திருப்புங்கள். அந்த ஒலிகள் மிகக் கூர்மையாக விழும் இடமே சரியான இடம். காந்தம் ஏறாத திருப்புளி வேண்டும். இதை ஒவ்வொரு நாடாவுக்கும், அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு, பிறகு கணினியில் ட்ரெபிளை, அதாவது உயர் ஒலிகளின் அளவை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி வசதியைப் போட்டுப் பதிவு செய்திருந்தால் கேட்கும்போதும் அதைப் போடுங்கள். ஆனால் அசிமத்தைச் சரிசெய்த பிறகுதான். மங்கிய ஒலியை டால்பி இன்னும் மங்கலாக்கும்.

எல்லாவற்றையும் விட அதிகம் கெடுவது வேகம். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். வீட்டு இயந்திரங்கள் இதில் சில சதவீதம் தவறுவது புதிதல்ல. 3 சதவீதம் என்றால் ஏறத்தாழ அரை சுரத்தானம். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம். பேட்டரியில் ஓடிய இயந்திரம் என்றால் இன்னொரு சிக்கல். பேட்டரி இறங்க இறங்கப் பதிவின் வேகம் குறைந்திருக்கும். இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் போகப் போகக் கீச்சென்று உயரும்.

இதை அதே பாட்டின் ஆல்பத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாதீர்கள். பல டாப் 40 நிலையங்கள் துள்ளல் வேண்டி இசைத்தட்டுகளை வேண்டுமென்றே சற்று வேகமாகச் சுழற்றின. ஆல்பத்தோடு பொருத்தினால் அந்த நிலையத்தின் அடையாளத்தையே அழித்துவிடுவீர்கள். பதிவுக்குள்ளேயே அளவுகோல் இருக்கும். பிபிசி பதிவில் மணி அடிக்கும் நேரத்தில் வரும் 'பீப்' ஒலிகள் 1000 ஹெர்ட்ஸ். கணினியில் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் அலைமாலை வரைபடத்தில் அது 1030 என்று காட்டினால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. அமெரிக்கப் பதிவு என்றால் அடியில் ஒலிக்கும் மின்சார ரீங்காரத்தைத் தேடுங்கள்: அங்கே 60 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகள் 120, 180. ரீங்காரம் உங்கள் இயந்திரத்திலிருந்தே வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். நாடாவை நிறுத்தியும் அது கேட்டால் அது பதிவில் இருப்பதல்ல.

திருத்தும் கணக்கிலும் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. 60 இருக்க வேண்டிய இடத்தில் 61.8 இருந்தால், 3 சதவீதம் குறைப்பது சரியல்ல. 60ஐ 61.8ஆல் வகுக்க வேண்டும், வருவது 0.9709, அதாவது 2.91 சதவீதம். சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும் வசதியைப் பயன்படுத்துங்கள். நீளத்தை மட்டும் மாற்றும் வசதி குரலைச் சிதைக்கும்.

கணினியில் ஏற்றும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிகாபைட் ஆகும். ஃபிளாக் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் கோப்பு கணிசமாகச் சுருங்கும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். விளம்பரங்கள் திடீரென உரக்க வரும். ஏஎம் ஒலிபரப்பு பெரும்பாலும் மோனோதான். இரண்டு தடங்களில் எது தெளிவோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரைச்சலைக் குறைக்கும் கருவியை 6 டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் அறிவிப்பாளர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பக்கத்தைத் திருப்பிப் போட்ட நேரத்தில் ஏதோ ஒரு பாட்டின் நடுப்பகுதி விடுபட்டிருக்கும். அந்த ஓட்டையை ஆல்பத்திலிருந்து எடுத்து அடைக்காதீர்கள். இரண்டு விநாடி மௌனம் விட்டு, குறிப்பில் எழுதி வையுங்கள்.

இப்படி அடைத்த பதிவுகள் இணையத்தில் ஏராளம் சுற்றுகின்றன. கண்டுபிடிப்பது எளிது. பாட்டு தொடங்கியதும் பின்னணி இரைச்சல் சட்டென நின்று, பேச்சு வந்ததும் திரும்புகிறதா? அது ஒட்டுப்போட்டது. இன்னொரு சோதனை: எஃப்எம் ஒலிபரப்பில் ஏறத்தாழ 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசை இருக்காது, ஏனென்றால் 19 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோவுக்கான வழிகாட்டி ஒலி இருக்கிறது. எஃப்எம்மில் பதிவானது என்று சொல்லும் கோப்பில் 18 வரை இசை தெரிந்தால், அது தட்டிலிருந்தோ ஆல்பத்திலிருந்தோ வந்தது.

தட்டே கிடைத்தால் ஒரு சொல். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஓரிரு விநாடி 'ஸ்ஸ்' என்று கேட்கும். ஒலிபரப்பாளர் சரியான இடத்தைப் பிடிக்க ஊசியை முன்னும் பின்னும் உருட்டித் தேய்த்த காயம் அது. கழுவினால் போகாது. வேறு அளவு ஊசியைப் போட்டால், பள்ளத்தின் தேயாத உயரத்தைத் தொட்டுச் சில நேரம் குறையும். மோனோத் தட்டு என்றால் இரு தடங்களையும் சேர்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தாளில் நாற்பது முதல் ஒன்று வரை எழுதிக்கொண்டு, இடையில் தாவாமல் கேளுங்கள். போன வார இடத்தைப் பக்கத்தில் குறியுங்கள். முப்பதைத் தாண்டும்போதே எது ஏறுகிறது, எது சரிகிறது என்று தெரியவரும். பத்துக்குள் இன்னும் வராமல் நிற்பது எது என்று நீங்களே ஊகிக்கத் தொடங்குவீர்கள். இந்த ஊகத்துக்காகத்தான் நிகழ்ச்சியை அப்படிக் கட்டினார்கள். முன்னமே பட்டியலைப் பார்த்துவிட்டால் அது போய்விடும். ஆகவே பட்டியலோடு சரிபார்ப்பது இரண்டாம் முறை கேட்கும்போது.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், தேதி, நிலையம், எந்த மணி நேரம் என்பதைச் சேருங்கள். எந்த இயந்திரத்தில் ஓட்டினீர்கள், எவ்வளவு வேகம் திருத்தினீர்கள் என்பதைத் தனிக் குறிப்பாக வையுங்கள். திருத்தாத முதல் பதிவை அழிக்காமல் இன்னொரு வன்தட்டிலும் போட்டு வையுங்கள். மூல நாடாவையும் எறியாதீர்கள். காந்தத்துக்கும் ஈரத்துக்கும் தள்ளி, நிறுத்தி வையுங்கள். நாளை இதைவிட நல்ல ஹெட் கிடைக்கலாம். இன்று கேட்காமல் போன ஒரு விளம்பரத்தின் கடைசிச் சொல் அப்போது அதில் கேட்கும்.

வணக்கம்.