1904 என்று பொறித்த ரேசரின் வயது

நேயர்களுக்கு என் வணக்கம்.

பழைய சேஃப்டி ரேசர்களைச் சேகரிப்பவர்கள் நம்மிடையே சிலரே என்றாலும், அந்தப் பொருளை அறியாதவர்கள் அநேகமாக இருக்க முடியாது. தந்தையோ தாத்தாவோ காலை வேளையில் கண்ணாடிக்கு முன் நின்று, கைப்பிடியைத் திருகிப் பிளேடை மாட்டி, கன்னத்து நுரையை வழித்தெடுத்த காட்சி உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய ரேசர் ஒன்று பழைய பெட்டியிலிருந்தோ பழைய சாமான் கடையிலிருந்தோ உங்கள் கைக்கு வந்தால், அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அறிவது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். சேகரிக்கத் தொடங்குபவர் கையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் அமெரிக்காவின் ஜில்லெட் நிறுவனத்து ரேசர் என்பதால், என் பேச்சு அதைச் சுற்றியே அமையும்.

முகத்தைக் காக்கும் தடுப்பு வைத்த ரேசர் ஜில்லெட்டுக்கு முன்பே இருந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த காம்ஃபே சகோதரர்கள் 1880இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் அதில் பொருத்திய தடித்த கத்தியை அடிக்கடி தோல்வாரில் தீட்ட வேண்டியிருந்தது. புட்டிகளுக்கான தகரமூடி செய்யும் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த கிங் கேம்ப் ஜில்லெட், தீட்டவே தேவையில்லாமல், மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய எஃகுத் தகட்டை 1895இல் மனத்தில் கண்டார். அவ்வளவு மெல்லிய எஃகைப் பதப்படுத்திக் கூராக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டிலோ 90,884 ரேசர்கள் விற்றன. அதே 1904ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்த நாளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புதியவர்கள் பலர் வழிதவறுவது இந்த இடத்தில்தான்.

நானும் இங்கேதான் வழிதவறினேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், திருச்சியில் பழைய பித்தளைப் பாத்திரங்களை எடைக்கு வாங்கி விற்கும் கடை ஒன்றில், குத்துவிளக்குத் துண்டுகளுக்கும் உடைந்த பூட்டுகளுக்கும் நடுவே வெள்ளி முலாம் தேய்ந்த ஒரு ரேசர் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மென்மையாகத் துடைத்துப் பார்த்தபோது, பொடி எழுத்தில் நவம்பர் 15, 1904 என்ற தேதி தெரிந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்து, '1904' என்று அழகாக எழுதிய சீட்டையும் பக்கத்தில் நிறுத்தினேன். வந்தவர் எல்லோரிடமும் அதைக் காட்டினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, சேகரிப்பில் நெடுங்காலம் பழகிய பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சீட்டைப் படித்தார், ஒன்றும் சொல்லாமல் ரேசரைக் கையில் வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "தம்பி, தேதியைப் படித்தீர்கள், பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படித்தீர்களா?" என்று கேட்டார். படித்திருந்தேன். "எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கிறதே, அது ஏன் என்று யோசித்தீர்களா?" என்று மறுபடி கேட்டார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

அவர் எனக்கு விளக்கியதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். தொடக்க கால ஜில்லெட் ரேசர்களில் தொடர் எண் பொறிக்கப்பட்டது. முதலில் வெறும் எண்ணாக ஓடியது. எண் மிகப் பெரிதாகிவிட்ட பிறகு, முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்து மீண்டும் கீழிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஆகவே எழுத்தோடு கூடிய எண் உள்ள ரேசர், வெற்று எண் உள்ளதைவிட இளையது. என் ரேசர் 1904இல் பிறந்திருக்க முடியாது. அந்தத் தேதி காப்புரிமை கிடைத்த நாள். ரேசர் செய்யப்பட்ட நாள் அன்று. காப்புரிமை 17 ஆண்டுகள், அதாவது 1921 வரை செல்லுபடியாக இருந்தது. அந்த ஆண்டுகளில் பட்டறையைவிட்டு வெளிவந்த ரேசர்களில் அதே தேதி மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டது. முதல் உலகப்போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது என்பதை நினைத்தால், 1904 என்ற தேதி எத்தனை ஆயிரம் வீடுகளில் இன்று தவறாகப் படிக்கப்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது. திரும்பவும் சொல்கிறேன்: காப்புரிமைத் தேதி, ரேசர் அதற்கு முந்தியதன்று என்று மட்டும்தான் சொல்லும். அதற்கு எத்தனை ஆண்டு பிந்தியது என்பதை வேறு தடயங்களில் தேட வேண்டும்.

அந்தத் தடயங்களில் எளியது பிளேடு பொருந்தும் இடம். உங்கள் வீட்டில் இருபுறமும் கூருள்ள பிளேடு இருந்தால், நடுவில் உள்ள வெட்டை ஒருமுறை கவனியுங்கள். நீண்ட பிளவு ஒன்று ஓடும். அது இடையிடையே வட்டமாக விரிந்திருக்கும். அந்த வட்டங்கள் முதல் வடிவத்தின் நினைவு. 1903 முதல் ஏறத்தாழ 1930 வரை ஜில்லெட் ரேசரின் மேல்மூடிக்கு அடியில் வரிசையாக மூன்று முளைகள் இருந்தன, பிளேடிலும் மூன்று வட்டத் துளைகள் இருந்தன. 1930இல், ஆட்டோஸ்ட்ராப் என்னும் போட்டி ரேசர் நிறுவனத்தின் ஹென்றி கெய்ஸ்மனோடு நிகழ்ந்த காப்புரிமைச் சச்சரவு இரு நிறுவனங்களின் இணைப்பில் முடிந்தது. அவ்வாண்டு வந்த புதிய ரேசரில் முளைகளின் இடத்தை நீண்ட பட்டை பிடித்தது. பிளேடின் நான்கு மூலைகளும் வெட்டி நீக்கப்பட்டன. ரேசர் கைதவறிக் கீழே விழுந்து மூடியின் மூலை வளைந்தாலும், அது பிளேடை அழுத்திக் கெடுக்காமலிருக்கவே அந்த ஏற்பாடு. இன்றைய பிளேடு இரண்டு காலத்து ரேசர்களிலும் பொருந்துகிறது. நூறாண்டுப் பழைய ரேசரில் இன்று கடையில் வாங்கிய பிளேடை மாட்டும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அடுத்து, குமிழைத் திருகினால் மேல்மூடி இரட்டைக் கதவுபோல் திறக்கும் வகை 1934இல் வந்தது. மூன்று துண்டாகக் கழலும் எளிய 'டெக்' 1938இலும், 'சூப்பர் ஸ்பீட்' 1947இலும் வந்தன.

1951 முதல் நம் வேலை இன்னும் சுலபமாகிறது. அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேசர்களின் தலைப்பகுதியின் அடிப்புறத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டன. எழுத்து ஆண்டைக் குறிக்கும்; 1 முதல் 4 வரையுள்ள எண், அவ்வாண்டின் காலாண்டைக் குறிக்கும். ஆங்கில எழுத்தான 'ஏ' 1955 என்று நினைவில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினால் போதும்: 'பி' 1956, 'சி' 1957, 'டி' 1958, 'ஈ' 1959. ஆகவே 'ஈ 3' என்றால் 1959 ஜூலை முதல் செப்டம்பருக்குள் செய்தது. இடையில் 'க்யூ' என்ற எழுத்தை விட்டுவிட்டார்கள் என்பதால் 'பி' என ஒலிக்கும் பதினாறாம் எழுத்து 1970, அடுத்த 'ஆர்' 1971, கடைசி எழுத்தான 'இசட்' 1979. ஆனால் 'டபிள்யூ' முதல் 'இசட்' வரையுள்ள நான்கு எழுத்துகள் 1951 முதல் 1954 வரையிலும் பயன்பட்டன என்பதை மறக்கக் கூடாது. 'ஒய் 2' என்பது 1953ஆகவும் இருக்கலாம், 1978ஆகவும் இருக்கலாம். அப்போது ரேசரின் வகையைப் பார்க்க வேண்டும். 1 முதல் 9 வரை எண்கள் எழுதிய வளையத்தைத் திருகி, பிளேடுக்கும் தடுப்புக்கும் இடையேயுள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வகை 1958இல்தான் சந்தைக்கு வந்தது. அதில் 'ஒய்' இருந்தால் அது 1978தான்.

பெட்டிகளைப் பற்றியும், வெள்ளி, தங்க, நிக்கல் முலாம்களைப் பிரித்தறிவது பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியின் தேதியை ரேசரின் தேதியாகக் கொள்ளாதீர்கள், இரண்டும் பல கைகளில் மாறி வந்திருக்கும். தேய்ந்த முலாமைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். சோப்பு நீரும் மென்மையான பழைய பல்துலக்கியும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாகக் கிடைத்த ரேசரை எப்போதும் நன்கு வெளிச்சமுள்ள இடத்தில், மேசைமேல் துணி விரித்து, கைப்பிடியை மெதுவாகத் திருகித் திறவுங்கள். துருப்பிடித்த பழைய பிளேடு உள்ளேயே இருக்கக்கூடும்.

நன்றி, வணக்கம்.