அறியாமையா, இல்லாமையா? – ‘இல்லாமையே’ அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

‘சிறு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வரப் பெரிதும் காரணம் தாயின் அறியாமையா, குடும்பத்தின் இல்லாமையா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி அறியாமைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவுவதில்லை, தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, ஆறு மாதம் முடிவதற்குள் புட்டிப்பாலுக்கு மாறிவிடுகிறார்கள், கேட்டால் ‘பல் முளைக்கும்போது போகத்தான் செய்யும்’ என்கிறார்கள் என்றார். நான் வடசென்னையில் ஓர் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். அவர் குற்றம் சொன்ன அம்மாக்கள் தினமும் காலையில் என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

கை கழுவுவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் மையத்துக்கு வரும் ஒரு பெண்ணிடம் எப்படிக் கை கழுவ வேண்டும் என்று கேளுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று வரிசை தப்பாமல் சொல்வார். அவர் வீட்டில் குழாய் கிடையாது. தெருவில் ஓர் அடிபம்பு. அதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில் தண்ணீர் வரும். முதலில் வருவது கறுப்பாக, சாக்கடை வாடையோடு வரும். அதை அடித்து வெளியே விட்டுவிட்டு, தெளிந்த பிறகு பிடிக்க வேண்டும். பின்னால் குடங்கள் வரிசையில் நிற்கும்போது எத்தனை நேரம் அடித்து ஊற்ற முடியும்? பிடித்ததை வாசலில் ஒரு நீல டிரம்மில் நிரப்பி வைக்கிறார். குடிக்க, சமைக்க, பாத்திரம் விளக்க, பிள்ளைக்குக் கால் கழுவிவிட எல்லாவற்றுக்கும் அந்த ஒரு டிரம்தான். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மூத்த பெண் குழந்தை டம்ளரோடு சேர்த்து முழங்கை வரை உள்ளே விட்டு, மொண்டு தம்பிக்குக் கொடுக்கிறாள். அவளுக்கே ஆறு வயதுதான். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த டிரம் மறுநாள் மதியம் வரைக்கும் தாங்காது. அந்தத் தாய் எதைக் குறைப்பார், சொல்லுங்கள்.

அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் அழுத்தம் வெளியே தள்ளும். விரிசல் இருந்தாலும் நல்ல தண்ணீர்தான் வெளியே கசியும். சப்ளையை நிறுத்தினால் அந்த அழுத்தம் போய்விடுகிறது. பக்கத்தில் தேங்கி நிற்கும் கழிவுநீர் அதே விரிசல் வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது. யாராவது லைனிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். இதில் தாயின் அறியாமைக்கு என்ன வேலை? கொதிக்க வைக்கலாம், நல்லதுதான். ஆனால் சிலிண்டரை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கிற வீட்டில், ஐந்து பேர் குடிக்கிற தண்ணீரைத் தினமும் கொதிக்க வைக்க முடியாது.

அடுத்தது புட்டிப்பால். 2017-இல் சட்டத்தைத் திருத்தி, 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்று கொண்டுவந்தார்கள். அருமையான சட்டம். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அது கைக்கு எட்டவில்லை. தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் உதவித்தொகை வருகிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது. மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க அடுத்த வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணிடம் போய் ‘தாய்ப்பாலின் அருமை தெரியுமா’ என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

எதிரணியில் ஒரு புள்ளி வலுவாக இருந்தது. படித்த தாயின் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு குறைவு என்றார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படித்த தாய் எங்கே குடியிருக்கிறார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்குள் குழாய், தனிக் கழிப்பறை, மாதச் சம்பளம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அவர் பிள்ளையைக் காப்பாற்றியது படிப்பு மட்டும்தான் என்று எப்படித் தனியாகப் பிரித்துச் சொல்வது?

1971-ஐ நினைத்துப் பாருங்கள். வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் போன்காவ் என்ற ஊரில் அகதிகள் வந்து குவிகிறார்கள், காலரா பரவுகிறது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் அங்கே போனபோது ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் குளுக்கோஸையும் சமையல் உப்பையும் சமையல் சோடாவையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்தார். வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்ட இன்று நாம் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் போன்றதுதான் அது. கூட இருந்த உறவினர்களே மொண்டு மொண்டு புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. உறவினருக்குச் சொல்லிக் கொடுத்ததால்தானே என்று எதிரணி கேட்கலாம். சொல்லிக் கொடுத்தார், மறுக்கவில்லை. குவளையை எடு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மக்களிடம் அதுவரை இல்லாதது அந்த டிரம்தான். அது வந்த பிறகு, அதே தாய்மார்களின் கையில்தான் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

சிறு பிள்ளைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது என்றும் எதிரணியில் சொன்னார்கள். தொற்றுவது எல்லோருக்கும்தான். உயிர் போவது யாருக்கு? உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குள் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள். இந்தச் சாவுகளில் பெரும்பகுதி ஏழை நாடுகளில், எடை குறைந்த, சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு. 2017-இலிருந்து தமிழ்நாட்டில் ரோட்டா சொட்டு மருந்து அரசு சார்பில் இலவசம். அதற்கு முன் தனியாரிடம் காசு கொடுத்தவர்களின் பிள்ளைக்குத்தான் அது கிடைத்தது. இதில் என் மனதை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்தச் சொட்டு மருந்தே பணக்கார நாடுகளில் வேலை செய்கிற அளவுக்கு ஏழை நாடுகளில் வேலை செய்வதில்லை. ஓயாத தொற்றாலும் சத்துக் குறைவாலும் கெட்டுப்போன குடல் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இல்லாமை என்றால் காசு மட்டுமில்லை, நடுவர் அவர்களே. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, தண்ணீரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அது தெரியவே வந்தது. அந்தத் தாய்மார்களுக்கு எந்தப் பாடத்தை நடத்துவீர்கள்?

பேதி ஆகும்போது பாலை நிறுத்திவிடுவது, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்து அரை டம்ளரில் கரைப்பது, ஜிங்க் மாத்திரையை 14 நாள் கொடுக்காமல் இரண்டாம் நாளே விட்டுவிடுவது, இதையெல்லாம் நானும் பார்க்கிறேன். சொல்லித் தருகிறேன். கேட்டுக்கொள்கிறார்கள், திருத்திக்கொள்கிறார்கள். குழாயை மட்டும் என்னால் கொண்டுவர முடியவில்லை.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். பொட்டலம் எங்கள் மையத்தில் இலவசம். அதை வாங்கிக்கொண்டு போகும் தாய் அந்த ஒரு லிட்டரை எந்தக் குழாயில் பிடிப்பார்?